கிளாவர் நாலு

அத்தியாயம் 6

பனியாறு போனதுதான் போனது, தரையைச் சமமாக விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் அது செய்த அக்கிரமத்துக்கு இன்றைக்கு என் கால் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தது. ஏறினால் மண் முகடு. இறங்கினால் அண்டா மாதிரி ஒரு குழி. குழியைச் சுற்றிக்கொண்டு ஏறினால் இன்னொரு முகடு. எல்லாவற்றின் மேலும் கணுக்கால் ஆழத்துக்கு ஓக் சருகு, சருகுக்கு அடியில் வேர். இந்த லட்சணத்தில் இருக்கிற காட்டுப் பாதையில் ஐம்பது மைல் ஓடுவதற்கு விஸ்கான்சின் முழுவதிலுமிருந்து ஆட்கள் ஆசைப்பட்டு வருகிறார்கள். அவர்களை முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"ஓரின், அந்தப் பக்கம் தேடியாச்சா?"

"தேடியாச்சு பாஸ். மூணு தரம்."

"நாலாவது தரம் தேடு."

இப்படிச் சொன்னது வெர்னா ராட்கே. என் முதலாளி. இருபத்தாறு வருஷம் ஷெரீஃப் அலுவலகத்தில் இருந்துவிட்டு, இப்போது ஆணிக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அறுபத்திரண்டு வயது, ஒரு முழங்கால் மக்கர், அதற்குத் துணையாக ஒரு பழைய பனிச்சறுக்குக் கோல். அந்தக் கோலால் சருகைக் கிளறுவது அவள் வேலை. குனிந்து பார்ப்பது என் வேலை. ஓரின் ஸ்காகன் என்று பெயர் வைத்த என் அப்பா, பிள்ளை பெரிய ஆளாக வருவான் என்று நினைத்திருப்பார். பாவம்.

மணி இரண்டரை. ஆறு மணிக்குள் கண்டுபிடிக்காவிட்டால் ஒரு மனிதனுக்கு வேலை போய்விடும்.

அந்த மனிதன் லோவெல் ஃபென்ஸ்கி. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டப் பயிற்சியாளர். பதின்மூன்று நாளைக்கு முன்னால் நடந்த 'ஏழு அண்டா' காட்டு ஓட்டத்தில், ஐம்பத்தோரு வயதில், இருபத்தொன்பது பேரில் முதலாவதாக வந்தார். அந்த ஓட்டத்தின் கடைசி ஐந்து மைல் ஒரு வளையம். வளையத்தின் அந்தக் கோடியில், பனியாறு எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்ட ஒரு பெரிய பாறை. அங்கே காவலுக்கு ஆள் போட முடியாது. அதனால் ஒரு டப்பா வைத்து, டப்பாவுக்குள் சீட்டுக்கட்டு வைத்துவிடுவார்கள். ஓடுகிறவர் ஒரு சீட்டை எடுத்து வந்து முடிவுக் கோட்டில் கொடுக்க வேண்டும். குறுக்கு வழியில் போகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

லோவெல் கொடுத்தது கிளாவர் நாலு.

அந்தக் கட்டில் கிளாவர் நாலு என்ற சீட்டே கிடையாது!

டப்பாவில் சீட்டு வைத்தவர் ஹார்லன் ஸாஸ்ட்ரோ, மதுக்கடைக்காரர். அவர் கடையில் விளையாடுவது 'ஆட்டுத்தலை' என்ற சீட்டாட்டம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு நடை வருவதற்கு முன்னால் ஆட்டுத்தலை வந்துவிடும். அதற்கு முப்பத்திரண்டு சீட்டு போதும். ரெண்டிலிருந்து ஆறு வரைக்கும் உள்ள பொடிச் சீட்டெல்லாம் எடுத்துவிட வேண்டியதுதான். 'நான் வைத்த கட்டில் ஏழுக்குக் கீழே ஒரு சீட்டும் இல்லை' என்று ஹார்லன் ஓட்டக் கமிட்டிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்படியென்றால் லோவெல் வீட்டிலிருந்தே ஒரு சீட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, பனிவண்டிப் பாதையில் குறுக்கே ஓடி வந்திருக்கிறார். கமிட்டிக்கு வேறு என்ன தோன்றும்? கோப்பையைப் பிடுங்கி இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்தார்கள். ஏமாற்றுகிறவன் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித் தருவதா என்று பள்ளி போர்டு இன்று ஆறு மணிக்குக் கூடுகிறது.

நேற்று எங்கள் ஆபீஸுக்கு வந்தது அவர் மனைவி ஆர்டித். அழவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன் வெர்னா. 'லோவெல், நீ குறுக்கே போனியா?'ன்னு. அவ்வளவுதான். அன்னையிலேருந்து அவன் என்கிட்டப் பேசல. ஒன்பது நாள் ஆச்சு. சாப்பாடு வெச்சா சாப்பிடறான், தட்டைக் கழுவி வெக்கறான், போயிடறான். வேலை போனா போகட்டும். எனக்கு ஆறு மணிக்குள்ள உண்மை தெரியணும்."

இன்று காலையில் லோவெலைப் பார்க்கப் போனோம். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வெர்னா ஏழு கேள்வி கேட்டாள். பதில் ஒன்றுதான் வந்தது.

"பாறை மேல டப்பா இருந்துச்சு. சீட்டு எடுத்தேன். ஓடினேன்."

அப்புறம் கோடாலிதான் பேசியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கோடாலியைப் பிடுங்கலாம் போலிருந்தது. மனுஷனுக்கு வேலை போகப் போகிறது, பெண்டாட்டி வதங்கிப் போயிருக்கிறாள், வாயைத் திறந்தால் என்ன கொள்ளை? இந்த ஊரே இப்படித்தான். கேட்டால்தான் சொல்வார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

கமிட்டியிடம் கெஞ்சி வாங்கிவந்த கிளாவர் நாலு, பிளாஸ்டிக் உறைக்குள் வெர்னாவின் சட்டைப் பையில் இருந்தது. பச்சை முதுகு, நடுவில் மான் தலை. எந்த பெட்ரோல் பங்கில் கேட்டாலும் கிடைக்கிற கட்டு. முகப்பில் மட்டும் வளைவாக ஒரு தழும்பு, யாரோ நகத்தால் அழுத்தின மாதிரி.

"கூடாரம் போட வந்தவங்க யாராவது ஒரு கட்டை இங்க விட்டுட்டுப் போயிருக்கலாம்" என்பது வெர்னாவின் கணக்கு. "அதுல ஒண்ணு டப்பாவுக்குப் பக்கத்துல கெடந்து, லோவெல் அதை எடுத்திருக்கலாம். அப்ப மிச்சச் சீட்டு இங்கதான் இருக்கணும்."

'லாம்', 'லாம்' என்று காலையிலிருந்து மூன்று மணி நேரமாகப் பாறையைச் சுற்றிச் சருகு கிளறுகிறோம்.

"பாஸ்!" என்று கத்தினேன். சருகுக்குள் ஒரு அட்டை முனை தெரிந்தது. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் உருவினேன்.

வெர்னா நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். "என்னடா? என்ன சீட்டு?"

"காபிக் கடை அட்டை பாஸ். பத்து காபி குடிச்சா ஒண்ணு இலவசம். இவன் ஒன்பது குடிச்சிருக்கான். அதுக்குள்ள தொலைச்சிருக்கான்."

"தூக்கிப் போடு."

"ஒரு காபிதானே பாஸ் பாக்கி..."

"ஓரின்!"

பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு வேறு எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

வெர்னா பெருமூச்சு விட்டு, எங்கள் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பாறை உச்சியில் வைத்தாள். கோலை எடுக்கத் திரும்பினாள். ஃபிளாஸ்க் நிதானமாகச் சறுக்கி, என் கண் எதிரிலேயே பாறையிலிருந்து கீழே விழுந்து, உருண்டு, அண்டாக்குழிக்குள் போய், அடியில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரில் 'டுபுக்' என்றது.

"அதுல முக்கால்வாசி காபி இருந்துச்சு!" என்றேன். அழுகை வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

வெர்னா என்னைப் பார்க்கவில்லை. பாறை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னமோ யோசிக்கிறாள். அவள் யோசித்தால் எனக்கு வேலை வரும் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து முகட்டின் மேல் ஒருத்தன் ஓடி வந்தான். ஆரஞ்சுக் குல்லாய், குட்டைக் கால்சட்டை, ஒல்லிக் கால். பிராக் லேண்ட்கிராஃப். எங்கள் ஊர்ப் பல் டாக்டர். ஓட்டத்தில் இரண்டாவதாக வந்து, இப்போது கோப்பையை வீட்டில் வைத்திருப்பவன்.

"மறிடா அவனை!" என்றாள் வெர்னா.

"பிராக்! ஒரு நிமிஷம் நில்லுங்க!"

"நின்னா தசை இறுகிடும் ஓரின்! கூட ஓடி வாங்களேன், நல்லா இருக்கும்!"

நல்லா இருக்குமாம். ஓடினேன். வேறென்ன செய்ய? அவன் மான் மாதிரி போகிறான், நான் பின்னாலேயே பெட்டி தூக்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்கிறவன் மாதிரி போகிறேன்.

"அன்னைக்கு... அந்த டப்பா... எங்க இருந்துச்சு?"

"கீழ. பாறைக்குப் பக்கத்துல சருகு மேல கவுந்து கெடந்துச்சு. மூடி திறந்து, பாதிச் சீட்டு வெளிய. நாந்தான் அள்ளிப் போட்டு நிமிர்த்தி வெச்சேன். பின்னால வர்றவங்களுக்கு வசதியா இருக்கட்டுமேன்னு."

"கவுந்து கெடந்ததை... கமிட்டியில... சொன்னீங்களா?"

"கேக்கலையே! 'டப்பா எங்க இருந்துச்சு'ன்னு கேட்டாங்க. 'கீழ'ன்னேன். எனக்குப் பின்னால வந்த எல்லாருமே 'கீழ'ன்னுதான் சொன்னாங்க. லோவெல் மட்டும் 'பாறை மேல'ன்னாரு. அதை வெச்சுத்தான் அவரு அங்க வரவே இல்லைன்னு முடிவு பண்ணினாங்க." விழுந்த மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அவன் அதைத் தாண்டினான். நான் அதன் மேல் விழுந்தேன். அவன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு என்னைக் கவலையோடு பார்த்தான். "ஓரின், நீங்க ஆறு மாசமா பல் காட்ட வரல. ஈறு வீங்கியிருக்கு. வாயைத் திறந்து மூச்சு விடறீங்க இல்ல, இங்கிருந்தே தெரியுது."

போய்விட்டான். நான் சேறும் சருகுமாகத் திரும்பி வந்து சேர்ந்தபோது வெர்னா பாறையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சந்தோஷப்பட இதுல என்ன இருக்கு பாஸ்? இருபத்தெட்டு பேர் கீழங்கறாங்க. ஒருத்தர் மேலங்கறாரு. கமிட்டி சொல்றது சரியாத்தான் இருக்கு."

"மூளையை எங்கடா வெச்சுட்டு வந்த? அந்த இருபத்தொன்பது பேர்ல முதல்ல வந்தது யாரு?"

"லோவெல்."

"ஹார்லன் டப்பாவை எங்க வெச்சான்?"

அதை யாருமே ஹார்லனிடம் கேட்கவில்லை. சீட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள்.

"இன்னொண்ணு" என்று பாறை உச்சியைத் தட்டினாள். "என் ஃபிளாஸ்க் இங்க நிக்கல. அவன் டப்பா மட்டும் எப்படிடா நின்னுச்சு?"

காட்டிலிருந்து வண்டிக்கு வர இரண்டு மைல். வெர்னாவின் முழங்காலும் என் கணுக்காலும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வந்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஸாஸ்ட்ரோ மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது மணி நாலே கால்.

ஹார்லனுக்கு எழுபத்தொன்று. மலை மாதிரி ஆள். வெர்னாவோடு ஒரே பள்ளியில் படித்தவர், அவளுக்கு ஒன்பது வகுப்பு மேலே. எங்களைப் பார்த்ததும் முதலில் மழையைப் பற்றிப் பேசினார். அப்புறம் இந்த வருஷம் மான் நடமாட்டம் எப்படி என்றார். அப்புறம் மச்சினனின் இடுப்பு ஆபரேஷன். இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டாமல் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டுவிட முடியாது. கடிகாரம் நாலரை காட்டியது. நான் பொரித்த சீஸை வாயில் அடைத்துக்கொண்டு என் வாயைக் கட்டுப்படுத்தினேன்.

"ஹார்லன், அன்னைக்கு டப்பாவை எங்க வெச்ச?" என்றாள் வெர்னா ஒருவழியாக.

"பாறை மேல. வருஷா வருஷம் அங்கதான். ஏன்?"

"ஆடாம நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஆட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்." அவர் முகம் இறுகியது. "லோவெல் விஷயமா வந்தியா வெர்னா? நான் எழுதிக் குடுத்ததுல மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. என் கட்டுல நாலு கெடையாது. முப்பத்தஞ்சு வருஷத்துல என் கடைச் சீட்டு தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்ல. லோவெலோட அப்பன் இந்த மேசையில உக்காந்து ஆடினவன். எனக்கு மட்டும் ஆசையா அவனைக் காட்டிக் குடுக்கணும்னு? உள்ளதை உள்ளபடி எழுதினேன்."

"எழுதினது தப்புன்னு நான் சொல்லலையே. சரி விடு, வந்தது வந்தாச்சு, ஒரு ஆட்டம் போடலாமா?"

எனக்குச் சீஸ் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"பாஸ், மணி நாலரை."

"தெரியுது."

"ஆறு மணிக்கு..."

"உக்காருடா. மூணாவது கை வேணும். ஹார்லன், இந்தப் பழைய கட்டு வேணாம், பிசுபிசுன்னு இருக்கு. புதுசு ஒண்ணு உடை."

உட்கார்ந்தேன். உள்ளுக்குள் கொதித்தேன். அங்கே ஒரு மனுஷி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே என் முதலாளிக்குச் சீட்டாட்டம் கேட்கிறது! ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் மேசை ஆடி பீர் சிந்துகிறது என்று முனகிக்கொண்டிருந்தார்கள்.

ஹார்லன் புதுக் கட்டை உறை கிழித்தார். உறையைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மச்சினன் இடுப்பைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "டாக்டர் என்ன சொல்றான்னா..." அவர் பேசிக்கொண்டே இருக்க, அவர் விரல்கள் அவருக்குச் சம்பந்தமில்லாமல் ஓடின. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. பொடிச் சீட்டெல்லாம் இடது கைக்குப் போனது. இருபதும் வந்ததும் அந்தக் கற்றையைத் தட்டி ஒழுங்கு பண்ணி, பேச்சை நிறுத்தாமல் குனிந்து, கிழவர்களின் மேசைக்கால் அடியில் செருகினார். மேசையை ஒரு தட்டுத் தட்டினார். ஆடவில்லை. நிமிர்ந்து சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.

என் ராஜினாமா கடிதம் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"ஹார்லன்" என்றாள் வெர்னா மெதுவாக. "இப்ப என்ன பண்ணின?"

"சீட்டுக் கலைக்கிறேன்."

"அதுக்கு முன்னால?"

"கட்டை உடைச்சேன்."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் பண்ணலையே."

"என் மேசைக்கு முட்டுக் குடுத்தியேப்பா" என்றார் கிழவர்களில் ஒருத்தர்.

ஹார்லன் மேசைக்காலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார், யாருடைய கையோ மாதிரி. கடையில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"அன்னைக்குப் பாறைகிட்ட எடுத்துட்டுப் போனது, புதுக் கட்டா?"

"புதுசுதான். அங்க போய்த்தான் உடைச்சேன். உறையைக் கூடக் காட்டுல போடல, பாக்கெட்டுல போட்டுக்கிட்டு..."

"டப்பா ஆடிச்சா?"

கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார்.

"ஆடிச்சு" என்றார் ஹார்லன். "முதல்ல ஆடிச்சு."

மறுநாள் டப்பாவை எடுக்கப் போனபோது என்னென்ன பொறுக்கினார் என்று வெர்னா கேட்டாள். பாறைக்குப் பின்புறம் சருகுக்குள் கிடந்த குப்பையை எல்லாம் அள்ளிச் சட்டைப் பையில் திணித்ததாகச் சொன்னார். காட்டில் ஒரு துரும்பைக் கூட விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். அந்தச் சட்டை எங்கே? காட்டு வேலைக்கு மட்டும் போடுகிற கான்வாஸ் சட்டை. பின்கட்டு ஆணியில் பதின்மூன்று நாளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நானே போய் எடுத்து வந்தேன். இடது பை. ஒரு பழுப்பு ஓக் இலை, ஒரு இளஞ்சிவப்பு ரிப்பன் துண்டு, ஈரத்தில் ஊறிக் காய்ந்து ஒட்டிப்போன ஒரு கற்றை. பச்சை முதுகு, மான் தலை.

"இதைக் கையால எடுத்திருக்கீங்க! என்னன்னு பாக்கலையா?" என்று கத்தியே விட்டேன்.

"பொடிச் சீட்டு என் கண்ணுலயே படாது தம்பி" என்றார் ஹார்லன். "அது எனக்குச் சீட்டே இல்ல. குப்பை."

ஒவ்வொன்றாகப் பிரித்துக் கவுண்டர் மேல் வரிசை போட்டேன். கடையே எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. ரெண்டாம் நம்பர் நான்கும் இருந்தன. மூணாம் நம்பர் நான்கும் இருந்தன. அஞ்சும் ஆறும் அப்படியே. நாலாம் நம்பரில் மட்டும் ஆட்டின், டைமன், இஸ்பேட். மொத்தம் பத்தொன்பது.

வெர்னா உறையைப் பிரித்து, காலியாக இருந்த இடத்தில் கிளாவர் நாலை வைத்தாள். இருபது சீட்டு முகப்பிலும் ஒரே இடத்தில் அதே வளைந்த தழும்பு. நகம் இல்லை அது. டப்பாவின் அடி விளிம்பு.

"ஐம்பது மைல்ல பாக்கி ரெண்டு மூணு மைல்தான். கை மரத்துப் போயிருக்கும்" என்றாள் வெர்னா. "டப்பா மேல 'ஒரு சீட்டு எடு'ன்னு எழுதியிருக்கு. மூடி இறுக்கமா இருக்கு, அடியில சீட்டுக் கற்றை நீட்டிக்கிட்டு நிக்குது. யாரா இருந்தாலும் அதைத்தான் உருவுவான். உருவிக்கிட்டு ஓடிட்டான். முட்டு தளர்ந்து, அவன் போனப்புறம் டப்பா சறுக்கிக் கீழ விழுந்திருக்கு. என் ஃபிளாஸ்க் மாதிரி."

"என் காபி மாதிரி" என்றேன்.

ஹார்லன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே வெர்னா. அந்தப் பையன் பேரை நானே என் கையால..." அப்புறம் எழுந்தார். "நீங்க சொல்ல வேணாம். போர்டு முன்னால நான் சொல்றேன். சட்டை மாத்திக்கிட்டு வர்றேன், இருங்க."

"பழைய சட்டையைக் கையில எடுத்துக்க" என்றாள் வெர்னா.

மணி ஐந்து பத்து. அவர் சட்டை மாற்ற இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். வழியில் ஒரு டிராக்டர் பதினைந்து மைல் வேகத்தில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முந்தவும் முடியவில்லை. ஹாரன் அடிக்க வெர்னா விடவில்லை, ஓட்டுகிறவர் அவளுக்குத் தெரிந்தவராம். நான் ஸ்டியரிங்கைக் கடித்தேன்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஆறுக்கு ஏழு நிமிஷம். நான் கதவைத் திறந்து குதித்தேன். பத்தொன்பதும் ஒன்றும் என் கையில் இருந்தன. ஆர்டித் படிக்கட்டுக்குக் கீழே தனியாக நின்றிருந்தாள். இருபது அடி தள்ளி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு லோவெல் நின்றார். இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

"ஆர்டித்!" என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"சொல்லாதீங்க."

"என்னது?"

"என்ன கண்டுபிடிச்சிருந்தாலும் சரி. இப்ப சொல்லாதீங்க."

எனக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து மலை ஏறி இறங்கி, ஈறு வீங்கிய அவமானம் பட்டு, காபியைத் தொலைத்து, மரத்தின் மேல் விழுந்து... "அம்மா, நீங்கதான ஆறு மணிக்குள்ள தெரியணும்னு சொன்னீங்க! இதோ..."

"ஓரின், திரும்பு" என்றாள் வெர்னா.

"பாஸ்?"

"உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும்டா. சுவத்துப் பக்கம் திரும்பி நில்லு!"

திரும்பினேன். செங்கல் சுவர். பின்னால் ஹார்லனின் வண்டி வந்து நிற்கும் சத்தம். கதவைச் சாத்தி அவர் தடதடவென்று வந்தார். "எங்க லோவெல்? நான் சொல்லணும், நான்..."

"ரெண்டு நிமிஷம் பொறு ஹார்லன். ஒரு வார்த்தை பேசாத. நீயும் திரும்பு."

மலை மாதிரி ஆள் என் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்து நின்றார். கையில் கான்வாஸ் சட்டை. மூச்சு வாங்கிற்று.

"நேத்து முழுக்க யோசிச்சேன் வெர்னா" என்றாள் ஆர்டித், எங்கள் முதுகுக்குப் பின்னால். "நீங்க வந்து 'அவன் தப்புப் பண்ணல'ன்னு சொன்னப்புறம் நான் போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டா, அது என்ன மன்னிப்பு? அதை ஊர்ல எல்லாரும்தான் கேப்பாங்க."

அவள் காலடிச் சத்தம் சரளைக் கல்லில் தள்ளிப் போனது. நின்றது.

ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். காற்று இல்லை. அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"லோவெல், நான் உன்கிட்ட அதைக் கேட்டிருக்கவே கூடாது. நீ முழுசா ஓடினே. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் கேட்டேன்."

பள்ளிக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். மணி ஆறாக இரண்டு நிமிஷம் இருக்கும். பேசித் தொலையேன்யா என்று செங்கல்லைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

"அவங்க என்ன கண்டுபிடிச்சாங்களாம்?" பத்து நாளாக அவளிடம் உபயோகிக்காத குரல், கரகரத்தது.

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"கேக்கல."

"நீ கேக்கலையா?"

"கேக்கல லோவெல்."

கோட்டுத் துணி கோட்டுத் துணியில் உரசுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம், அவர் குரல், இந்த முறை கொஞ்சம் தெளிவாக.

"உள்ள வா ஆர்டித். கை ஜில்லுனு இருக்கு."

இரண்டு ஜோடிக் காலடி படியேறிப் போயிற்று. ஹார்லன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நான் இருபது சீட்டையும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தேன். வெர்னா என்னைத் திரும்பச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் முகம் எனக்குத் தெரிந்துவிடும் என்பதால் இருக்கலாம்.